அம்மம்மாட வாயில வந்த சொல்லு

போன வருசம் மாமாங்கத் திருவிழாவுக்கு பெரியம்மாட மகள் அக்காவும் அவட மகனும் லண்டன்ல இருந்து வந்து மட்டக்களப்பு கல்லடியில எங்கட வீட்டுலதான் நிண்டவங்க. மருமகனுக்கு 21 வயசு, தமிழ் நல்லா விளங்கும், கதைக்கச் சொன்னா கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் வரும், ஆனா கூச்சப்பட மாட்டான், பிழையோ சரியோ கதைப்பான். முடி நல்ல அடர்த்தி, சுருள் சுருளா நிக்கும். அது எங்கட அம்மப்பாட முடி, அவர்ர பக்கம் எல்லாருக்கும் அப்பிடித்தான்.

ஒரு பின்னேரம் அம்மம்மா விறாந்தைப் படியில குந்திக்கொண்டு இவன ஒரு படி கீழ இருத்தி, உள்ளங்கையில தேங்காயெண்ணெய ஊத்தி உச்சியில வச்சித் தேச்சிக்கொண்டு இருந்தா. மரச்சீப்பு உள்ள போகுதில்ல, ரெண்டு விரல் அளவு போய்ச் சிக்கி நிக்குது, அவ இழுக்காம சீப்ப அப்பிடியே விட்டுட்டு நடுங்குற விரலால ஒவ்வொரு சிக்கா எடுக்கிறா, எண்ணெய் அவன்ட காதுக்குப் பின்னால வழிஞ்சி கழுத்துக்கு வருது, அத முந்தானையால துடைக்கிறா. அப்பதான் சிரிச்சிக்கொண்டு சொன்னா, "என்ன மனே இது, காப்பிரி முடி. உன்ட பூட்டன்ட காப்பிரி முடி அப்பிடியே உனக்கு வந்திரிக்கி."

அவன் ஒண்டும் சொல்லல்ல. ஆனா தோள் ரெண்டும் இறுகினத நான் கதிரையில இருந்து பாத்தன்.

ராவைக்கு எல்லாரும் படுத்தப் புறகு மேல மொட்டை மாடிக்கு வந்து, "மாமா, பூட்டி ஏன் அந்தச் சொல்லச் சொன்னா?" எண்டு கேட்டான். யுனிவர்சிட்டியில அவனோட ஒரே வீட்டுல இருக்கிற கூட்டாளி ஒருத்தன் தென்னாபிரிக்காக் கறுப்பினப் பொடியனாம். அவன்ட தாய் தகப்பன் அந்தச் சொல்லால ஏச்சு வாங்கி வாங்கி வளர்ந்த ஆக்களாம், இப்பவும் அந்த வீட்டுல ஒருத்தரும் அத முழுசாச் சொல்ல மாட்டாங்களாம், சொல்லத்தான் வேணும் எண்டா "கே வேர்ட்" எண்டு மட்டும் சொல்லுவாங்களாம். அம்மம்மா சிரிச்சிக்கொண்டு சொல்லக்குள்ள இவனுக்கு அந்தக் கூட்டாளிட முகம்தான் கண்ணுக்கு முன்னால வந்திருக்கு.

நான் உடன சொன்னன், "அது ஏச்சு இல்லடா மகன், இங்க அது ஒரு சனத்திட பேர், அம்மம்மா அன்பாத்தான் சொன்னா" எண்டு. நான் சொன்னதுல பொய் இல்ல. ஆனா படுக்கப் போனப் புறகு நித்திரை வரல்ல, ஏனெண்டா அந்தச் சொல்லோட எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு, அத அவனிட்டச் சொல்லல்ல. அதத்தான் இதுல எழுதப் போறன், அதோட சேர்த்து இந்த ஒரு வருசமா மனசுல ஓடிக்கொண்டு இருக்கிற மத்தச் சொல்லுகளையும்.

முதல்ல காப்பிரி. உண்மையாவே அப்பிடி ஒரு சனம் நம்மட நாட்டுல இருக்கு. போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், இங்கிலீசுக்காரன் எண்டு மூண்டு பேரும் ஆபிரிக்காட கிழக்குக் கரையில இருந்து, மொசாம்பிக் பக்கம் எல்லாம் இருந்து, அடிமையாவும் சிப்பாயாவும் கொண்டு வந்த ஆக்கள்ர பரம்பரை. புத்தளம் சிரம்பியடியில இப்பவும் கொஞ்சப் பேர் இருக்காங்க, அவங்கட பாட்டும் கைதட்டும் கேட்டா இருந்த இடத்துல இருக்க ஏலாது. "நாங்க காப்பிரி" எண்டு அவங்களே சொல்லுவாங்க. எங்கட மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகள்ல ஆடுற கப்ரிஞ்ஞாட பேருக்குள்ளயும் அந்தச் சொல்லுதான் கிடக்கு. சின்ன வயசுல அவங்கட ஊரான டச்பார்ல ஒரு கலியாணத்துல பாத்திருக்கன், ஒரு வயசான ஆள் வயலினத் தாடையில கூட வைக்காம நெஞ்சில வச்சி வாசிக்கிறார், சோடி சோடியா ஆடுறாங்க, அந்தத் தாளம் இப்பவும் காதுல இருக்கு. 2004 சுனாமி டச்பாரக் கழுவிக்கொண்டு போனப் புறகு அந்த ஆக்கள்ல எத்தினையோ பேர் இல்ல.

அந்தச் சொல்லு வந்த வழியப் பாத்தா அடி அரபுச் சொல்லு, காபிர், எண்டா மறுத்தவன், நம்பாதவன். ஆபிரிக்காட கிழக்குக் கரையில யாவாரம் செஞ்ச அரபுக்காரங்க அங்க இஸ்லாத்துல இல்லாத சனத்த அப்பிடிச் சொன்னாங்க, போர்த்துக்கீசக் கப்பல்காரன் அதக் கேட்டுட்டு அது அந்தச் சனத்திட பேர் எண்டே நினைச்சிக்கொண்டு போற இடமெல்லாம் கொண்டு போனான். இங்க வந்து காப்பிரி ஆச்சு. தென்னாபிரிக்காவுல வெள்ளைக்காரன்ட வாயில அது சவுக்கு மாதிரி ஆச்சு. 1948ல இருந்து 1994 மட்டும் நிறவெறி ஆட்சி நடந்த நாடு, எந்த பஸ்ல ஏறுற, எந்த வாங்குல இருக்கிற, எந்தத் தெருவுல வீடு எடுக்கிற எண்டது வரைக்கும் தோல் நிறத்தப் பாத்துச் சட்டம் போட்ட நாடு. அந்தக் காலம் முழுக்க பொலிஸ்காரனும் தோட்ட முதலாளியும் வீட்டு எசமாட்டியும் அந்தச் சொல்லச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, அடிச்சாங்க, துரத்தினாங்க. அதனால அங்க இப்ப அது சட்டப்படி குத்தம். 2018 மார்ச்ல, தனக்கு உதவிக்கு வந்த கறுப்பினப் பொலிஸ்காரங்களப் பாத்து அந்தச் சொல்ல 48 தரம் சொன்ன வெள்ளைக்காரப் பொம்பள ஒருத்திக்கு கோடு 3 வருசம் மறியல் குடுத்தது, அதுல 1 வருசம் ஒத்தி வச்சது. ஒரு சொல்லுக்கு மறியல்.

அதே சொல்லு சிரம்பியடியில ஒரு தாய் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற சொந்தப் பேர். அதே சொல்லு எங்கட அம்மம்மாவுக்கு செத்துப்போன புருசன்ட முடி.

இன்னொண்டும் இருக்கு. கல்லடியில இருந்து முஸ்லிம் ஆக்கள்ர ஊரான காத்தான்குடிக்கு பஸ்ல 10 நிமிசம். அங்க அந்தச் சொல்லு அதிட பழைய உருவத்துலயே இருக்கு, காபிர் எண்டு. ஓதுற இடத்துல அது ஒரு மார்க்கச் சொல்லு, அவ்வளவுதான், அதுல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல. ஆனா ரோட்டுல சண்டை வந்து அத எங்கட முகத்துக்கு நேர எறிஞ்சா அது வேற. ஆக, அரபுல பிறந்த ஒரே சொல்லு, எங்கட கரையோரத்துல ஒரு 10 நிமிசத் தூரத்துக்குள்ளயே ரெண்டு வேசம் போட்டுக்கொண்டு திரியுது. மூண்டாவது வேசம் ஒண்டும் இருக்கு, அதுதான் நான் போட்டது.

2013ல இருந்து 2018 வரைக்கும் நான் கத்தார்ல ஒரு கம்பெனி ஸ்டோர்ல வேலை செஞ்சன். வெளிநாட்டுல இருக்கிற எங்கட ஆக்கள் கறுப்பின ஆக்களுக்கு வச்சிருக்கிற சொல்லு காப்பிலி. இத எழுதவே கை கூசுது ஆனா எழுதாம விட்டா மூடி மறைக்கிற மாதிரி. லண்டன், பாரிஸ், டொரொன்டோ எண்டு எங்க போனாலும் எங்கட வீடுகள்ல சோறு, தண்ணி மாதிரி சாதாரணமாப் புழங்குற சொல்லு, "பக்கத்து வீட்டுக் காப்பிலி", "வேலையில ஒரு காப்பிலி நல்லவன்" எண்டு. கேட்டா சும்மா ஒரு அடையாளத்துக்குத்தானே எண்டுவாங்க. நானும் அப்பிடித்தான் பழகினன். ஒருநாள் கேட் செக்கியூரிட்டியா இருந்த கென்யாக்காரர் ஒருத்தர் சாமான் லிஸ்ட்டுக்கு வந்து நிக்கிறார், நான் உள்ள நிண்ட எங்கட ஊர்ப் பொடியனப் பாத்து, "அந்தக் காப்பிலியிட்ட இந்தத் துண்டக் குடு" எண்டு தமிழ்ல சொல்லிட்டன். அந்த மனிசன் மெல்ல என்னப் பாத்துத் திரும்பினார். அவர் மொம்பாசா ஆள், தாய்மொழி சுவாஹிலி, அதுல கஃபிரி எண்டு ஒரு சொல்லு இருக்கு, இஸ்லாத்துல இல்லாதவன் எண்டு கருத்து. அவர் கேட்டார், "என்ன நீ கஃபிரி எண்டா சொன்ன? நான் 5 நேரம் தொழுறவன். நீ காணுறதானே."

அவருக்கு நொந்தது வேற இடம். நான் நிறத்தச் சொன்னன், அவருக்கு ஈமான, அதாவது மார்க்க நம்பிக்கையச் சொன்னதா விழுந்திருக்கு. எனக்கு வாய் காஞ்சி போச்சு. என்ன செஞ்சன் எண்டா, பொய் சொன்னன். அது ஒரு கடைட பேர், அந்தக் கடைத் துண்டக் குடுக்கச் சொன்னன் எண்டு. அவர் நம்பினாரா இல்லையா எண்டு தெரியா, துண்ட வாங்கிக்கொண்டு "சரி பிரதர்" எண்டுட்டுப் போனார். அதுக்குப் புறகு ரெண்டு வருசம் நாங்க ஒரே கேட்டால போய் வந்தம், அவர் முதல் மாதிரித்தான் சிரிச்சார், நான்தான் ஒவ்வொரு நாளும் குனிஞ்சிக்கொண்டு போனன். மன்னிப்புக் கேக்கல்ல. இப்ப அவர் எங்க எண்டும் தெரியா.

இதுல எனக்கு விளங்கினது என்னெண்டா, "நான் அந்தக் கருத்துல சொல்லல்ல" எண்ட கதை அரைவாசிதான். சொல்லுற ஆளிட மனசு ஒரு பக்கம், ஆனா அந்தச் சொல்ல வச்சி கேக்கிற ஆளிட ஊர்ல என்ன என்ன செஞ்சாங்க எண்டது மத்தப் பக்கம், அந்தப் பாரம்தான் சொல்லுக்குப் பாரம். ஊர் மாறினா அந்தப் பாரமும் மாறுது. காகிதத்துல எழுத்து ஒண்டுதான்.

ஃபுட்போல் பாக்கிற ஆக்களுக்கு சுவாரஸ்ட கதை ஞாபகம் இருக்கும். 2011 ஒக்டோபர்ல லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கும் நடந்த மேட்ச்ல உருகுவேக்காரன் லூயிஸ் சுவாரஸ் பட்ரிஸ் எவ்ராவப் பாத்து ஸ்பானிய மொழியில கறுப்பன் எண்டு வாற சொல்லச் சொன்னதுக்கு 8 மேட்ச் தடையும் 40,000 பவுண் தண்டமும். எங்கட ஊர்ல, அதாவது உருகுவேயில, அது செல்லமாக் கூப்பிடுறது, பொஞ்சாதி புருசனையே அப்பிடிக் கூப்பிடும் எண்டு அந்தப் பக்கம் நியாயம் சொன்னாங்க. அந்த நியாயம் உண்மைதான், அங்க அப்பிடித்தான். ஆனா அவன் அதச் சொன்னது ஆரிட்ட? அடிபிடி நடக்கிற மேட்ச்ல, தன்னோட மல்லுக்கு நிக்கிற கறுப்பின ஆளிட்ட, இங்கிலாந்துல. செல்லத்துக்கு அங்க என்ன வேலை.

ஆனா 2020 நவம்பர்ல நடந்தது வேற. எடின்சன் கவானியும் உருகுவேதான், அப்ப அவனும் இங்கிலாந்துல விளையாடினான். 2 கோல் அடிச்சதுக்கு ஊர்ல இருக்கிற கூட்டாளி இன்ஸ்டகிராம்ல வாழ்த்துச் சொல்ல, "நன்றி நெக்ரிட்டோ" எண்டு பதில் போட்டான், அதே சொல்லிட செல்ல வடிவம் அது. அதுக்கு 3 மேட்ச் தடை, 100,000 பவுண் தண்டம். கூட்டாளி கோவிக்கல்ல, ரெண்டு பேரும் ஒரே நாடு, ஒரே பாசை. உருகுவேட மொழி அக்கடமியே அந்தத் தடையக் கண்டிச்சி அறிக்கை விட்டது. இதுல நான் கவானி பக்கம்தான் நிப்பன். அவனும் சண்டை பிடிக்காம போஸ்ட்ட அழிச்சிட்டு, யாரையும் நோகடிக்க நினைக்கல்ல எண்டு சொல்லிட்டு ஏத்துக்கொண்டான், அது அவன்ட பெருந்தன்மை. ஆனா ஒரு நாட்டுத் தராசக் கொண்டு போய் இன்னொரு நாட்டு ரெண்டு கூட்டாளிமார்ட கதைய நிறுத்தது சரியில்ல எண்டுதான் எனக்கு இப்பவும் படுது.

அக்கா அடிக்கடி சொல்ற இன்னொரு சொல்லு பாகி. இங்க கிரிக்கெட் பாக்கக்குள்ள பாகிஸ்தானச் சுருக்கி எத்தினை பேர் அப்பிடிச் சொல்லுவம், ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது. உருதுல பாக் எண்டா சுத்தம், தூய்மை. 2002 ஜனவரியில அமெரிக்க ஜனாதிபதி புஷ் பத்திரிகைக்காரங்களுக்கு முன்னால அந்தச் சொல்லச் சொல்லிட்டார், அமெரிக்காவுல அது அவ்வளவு தெரியாத சொல்லு, புறகு வெள்ளை மாளிகை ஆக்கள் வந்து அவர் மரியாதையோடதான் சொன்னார் எண்டு விளக்கம் குடுத்தாங்க. பிரித்தானியாவுல அப்பிடித் தப்ப ஏலாது. இளவரசர் ஹரி ஆமிப் பயிற்சியில கூட இருந்த ஆள அந்தச் சொல்லால சொன்ன வீடியோ 2009ல வெளிய வந்து மன்னிப்புக் கேட்டார். ஏனெண்டா அங்க 1960கள்ட கடைசியில இருந்து, மொட்டை அடிச்ச கூட்டங்கள் ராவுல ஆசிய ஆக்களத் தேடித் தேடி அடிக்கக்குள்ள கத்தினது அந்தச் சொல்லத்தான். அடிக்கிறவன் பாஸ்போர்ட் பாத்து அடிக்கல்ல. அக்கா பிறந்தது மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, பாகிஸ்தானக் கண்ணால கண்டதில்ல, ஆனா 90கள்ல லண்டன்ல பஸ் ஹோல்ட்ல நிக்கக்குள்ள அந்தச் சொல்லோட சேர்ந்து முதுகுல ஒரு பியர் டின் வந்து விழுந்திருக்கு. இப்பவும் அந்தச் சொல்லு காதுல விழுந்தா முதுகு சில்லிடும் எண்டு சொல்லுவா. யோர்க்‌ஷயர் கிரிக்கெட் கழகத்துல விளையாடின, பாகிஸ்தான்ல பிறந்த அஸீம் ரஃபீக்க அந்தச் சொல்லால கூப்பிட்டத கூட்டாளிமார்ட பகிடி எண்டு விசாரணையில முடிச்சிருந்தது 2021ல வெளிய வந்து பெரிய பிரச்சினை ஆனதும் இதாலதான். பகிடியா இல்லையா எண்டு அக்காட முதுகிட்டக் கேக்கணும்.

நம்மட சொல்லுகளுக்கு வருவம். தம்பி. இதவிட இனிப்பான சொல்லு எங்கட பக்கத்துல இருக்கா? தெரியாத பொடியனக் கூப்பிடவும் தம்பிதான், கடையில சாமான் கேக்கவும் தம்பிதான். அதே சொல்லுக்கு சிங்களத்துல ஒரு வால் வச்சி தம்பியா எண்டா, முஸ்லிம் ஆக்களக் கேவலமாச் சொல்ற சொல்லு. 2018 பெப்ரவரியில அம்பாறை டவுன்ல, கொத்து ரொட்டியில மலட்டு மருந்து போட்டாங்க எண்டு ஒரு பொய்க் கதையக் கிளப்பி பள்ளிவாசலையும் கடைகளையும் உடைச்சாங்க. அந்த மாதிரி நேரங்கள்ல அந்தச் சொல்லு எந்தக் குரல்ல வரும் எண்டு கேட்டவங்களுக்குத் தெரியும். மலாயாவுல வெள்ளைக்காரன் காலத்துல தம்பி எண்டா கந்தோர் பியோன், தேத்தண்ணி கொண்டு வாற ஆள். அங்க எங்கட சனத்துக்கு இன்னொரு சொல்லும் இருக்கு, கெலிங். கலிங்கத்துல இருந்து வந்த பேர் எண்டு சொல்லுவாங்க, ஒரு காலத்துல ஒரு குத்தமும் இல்லாத சொல்லு, பினாங்குல 1801ல கட்டின பள்ளிவாசலுக்கு கப்பித்தான் கெலிங் எண்டுதான் பேர், இந்திய முஸ்லிம் யாவாரிகள் கட்டினது. இண்டைக்கு மலேசியாத் தமிழன் ஒருத்தனிட்ட அந்தச் சொல்லச் சொல்லிப் பாருங்க, சண்டைதான். கடலுக்கு அங்கால சுமத்திராவுல அது கறுப்பு நிறம் எண்ட கருத்துல இன்னும் புழங்குது.

எங்கட நாட்டிட பேரே ஏச்சான கதை தெரியுமா? என்ட சின்னம்மா 2003ல லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனவ. இங்க மட்டக்களப்பு, அம்பாறையில வீட்டுக்கு ஒராள் அப்பிடிப் போன காலம் இருந்தது, இப்பவும் இருக்கு. பெய்ரூத்துல சிர்லங்கியா எண்டா இலங்கைக்காரி எண்டு கருத்து இல்லயாம், வேலைக்காரி எண்டு கருத்தாம். எசமாட்டிமார் ஒருத்திய ஒருத்தி கேப்பாங்களாம், "உங்கட சிர்லங்கியா எந்த நாடு, பிலிப்பைனா, எதியோப்பியாவா?" எண்டு. சின்னம்மா இதச் சொல்லக்குள்ள அழமாட்டா, ஆனா ஒரு தரம் சொன்னா, "பாஸ்போர்ட்ட அவளிட்டக் குடுத்தன் மகன், நாட்டுட பேரையும் அவளே எடுத்துக்கொண்டாள்" எண்டு. 2006 சண்டையோட வீட்டுக்கு வந்தவ திரும்பிப் போகல்ல. இங்க இலங்கைக்காரி எண்ட சொல்லுல என்ன இருக்கு, பாஸ்போர்ட்ல கிடக்கிற சொல்லு.

பறையர் எண்ட சாதிப் பேர் இங்கிலீசுக்குப் போய் "பறையா நாடு" எண்டு செய்தியில வருது, எல்லாரும் ஒதுக்கி வச்ச நாடு எண்டு கருத்தாம். லண்டன்லயும் நியூயோர்க்லயும் படிச்ச ஆக்கள் கண்ணிமைக்காம எழுதுறாங்க. அது ஒரு உயிருள்ள சனத்திட பேர் எண்டு அவங்களுக்கு ஞாபகமே இல்ல. தமிழ்நாட்டுல அந்தச் சாதிப் பேரச் சொல்லி ஏசினா 1989 வன்கொடுமைச் சட்டத்துல உள்ள போகணும். மலேசியாவுல பள்ளிக்கூடத்துக்கு வச்ச ஒரு மலாய் நாவல்ல அது வந்ததுக்கு இந்திய வம்சாவளி ஆக்கள் எதிர்ப்புக் காட்டி 2011ல அந்தப் புத்தகத்தையே எடுத்துப்போட்டாங்க. இங்க மட்டக்களப்புல பறைமேளக் கூத்துக்காரங்க கோயில் வீதியில நிண்டு அடிக்கக்குள்ள உடம்பு சிலிர்க்க நிண்டு பாத்துட்டு, வீட்ட வந்து பிள்ளையப் பேசக்குள்ள அதே சொல்லால பேசுற ஆக்களையும் எனக்குத் தெரியும். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரனக் குத்தம் சொல்ல முதல் எங்கட முத்தத்தக் கூட்டணும்.

கள்ளத்தோணி எண்டு மலையக ஆக்கள எங்கட சனமே சொல்லிச்சு. 1948ல ஒரு சட்டத்தால அந்தச் சனத்தில கனபேருக்கு நாடே இல்லாமப் போச்சு, அதுக்கு மேல இந்தச் சொல்லு வேற. 2012ல எங்கட கரையில இருந்தே ராவோட ராவா எத்தினை தோணி அவுஸ்திரேலியாவுக்குப் போனது, என்ட வகுப்புல படிச்சவன் ஒருத்தனும் போனான். அங்க அவனுக்கு வச்ச பேரும் தோணிக்காரன்தான். (யாழ்ப்பாணத்து ஆக்களப் பனங்கொட்டை எண்டுறதும், அவங்க எங்கள மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வைக்கிறவன் எண்டுறதும் இருக்கு. அதுல எனக்குப் பெரிசா நோகுறதில்ல, அதால ஒருத்தரும் ஒருத்தர வெட்டல்ல.)

சோனி அப்பிடி இல்ல. இலங்கைச் சோனகர் எண்டது பிறப்புச் சாட்சிப் பத்திரத்துல, குடிசன மதிப்பீட்டுல அச்சடிச்சிருக்கிற மரியாதையான பேர். அதிட இங்கிலீசு மூர், போர்த்துக்கீசன் தன்ட ஊர்ப் பகையாளிக்கு வச்ச பேர இங்க வந்து முஸ்லிம் ஆக்களுக்கும் வச்சிட்டுப் போனது. பிலிப்பைன்ஸ்ல அதே மாதிரி ஸ்பானியன் ஏச்சா வச்ச மோரோ எண்ட பேர அங்கத்தைய முஸ்லிம் சனம் தங்கட இயக்கத்துக்கே பேரா வச்சிக்கொண்டாங்க. ஆனா சோனகர வெட்டிச் சோனி எண்டு தமிழ் வாயில வரக்குள்ள அது வேற. 1990ல காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை, சத்துருக்கொண்டான் எண்டு தமிழ், முஸ்லிம் ரெண்டு பக்கமும் பிணம் அடுக்கின மாசங்கள் இந்த மண்ணுல நடந்தது. அந்தச் சொல்லையும், எங்களப் பாத்து அவங்க சொன்ன சொல்லுகளையும் அந்த மாசங்களுக்குப் புறகு பகிடி எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது.

நான் சொன்னவன்தான். சொன்னவன் கூட இல்ல, சிரிச்சவன். ஓ.எல். டியூஷன்ல எனக்குப் பக்கத்துல இருந்தது காத்தான்குடிப் பொடியன் ஒருத்தன், கணக்குல கெட்டிக்காரன், அவன்ட கொப்பியப் பாத்துத்தான் நான் பாஸ் பண்ணின. ஒருநாள் வகுப்பு முடிஞ்சி சைக்கிள் எடுக்கக்குள்ள எங்கட பொடியன் ஒருத்தன், "என்னடா சோனியோட ஒட்டிக்கொண்டு திரியிற" எண்டான், நான் சிரிச்சன். அவன் பின்னால தன்ட சைக்கிள்ப் பூட்டத் திறந்துகொண்டு நிண்டிருக்கான். அடுத்த கிழமை கடைசி வாங்குல போய் இருந்தான். கொப்பி கேட்டா தந்தான், அதுதான் இன்னும் கொதிக்குது, தந்தான். 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்ச கிழமை டவுன் முழுக்க அந்தச் சொல்லுதான், செத்த பிள்ளைகள்ர முகம் ஒரு பக்கம் கண்ணுக்குள்ள நிக்குது, மத்தப் பக்கம் காத்தான்குடியில தன்ட மருந்துக்கடையப் பூட்டிட்டு வீட்டுக்குள்ள இருக்கிற அவன் நிக்கிறான். அண்டைக்கு ராவு போன் எடுத்தன். 20 வருசத்துக்குப் புறகு. "டியூஷன் சைக்கிள் ஸ்டேண்ட்ல நான் சிரிச்சன் மச்சான், ஞாபகம் இருக்கா" எண்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல. "இருக்கு" எண்டான். புறகு, "ஒங்கட பக்கம் எல்லாரும் சுகமா?" எண்டு கேட்டான்.

மருமகனுக்கு இந்தக் கதை எல்லாம் பின்ன ஒருநாள் பாசிக்குடா போற வழியில சொன்னன், கத்தார்க் கதையும் சேர்த்து. அவன் என்ன ஏசல்ல. "அந்த ஆளுக்கு நீங்க சொரி சொல்லியிருக்கலாம் மாமா" எண்டு மட்டும் சொன்னான். ஓம், சொல்லியிருக்கலாம்.

அம்மம்மாவுக்கும் சொன்னன், தென்னாபிரிக்கா, நிறவெறி எல்லாம் இல்ல, அந்தப் பொடியன்ட கூட்டாளிட தாய்க்கு அந்தச் சொல்லச் சொல்லி அடிச்சவங்களாம் அம்மம்மா எண்டு மட்டும். 84 வயசு, நான் நினைச்சன் கணக்கெடுக்க மாட்டா எண்டு. வெத்திலைய மடிச்சிக்கொண்டு இருந்தவ நிப்பாட்டிட்டு, "அடிச்சவனுகளா?" எண்டா. அங்கால ஒண்டும் கேக்கல்ல. நான்தான் சமாளிக்கிறதுக்கு, இனிச் சுருட்டை முடி எண்டு சொல்லுங்களன் எண்டன். "சுருட்டை எண்டது பாம்புட பேர், புள்ளைக்கு அத வைக்க ஏலா" எண்டு தலையாட்டிட்டா.

லண்டன் போன புறகு ஒவ்வொரு ஞாயிறும் வட்சப் வீடியோவுல வருவான். அம்மம்மா போன முகத்துக்குக் கிட்டப் பிடிச்சி அவன்ட நெத்தி மட்டும்தான் தெரியிற மாதிரி வச்சிக்கொண்டு கதைப்பா. போன கிழமையும் கடைசியா அதையேதான் சொன்னா, "எண்ணெய் வைக்கிறயா மனே? முடிய வெட்டிப்போடாத, உன்ட பூட்டன்ட முடி அது."